ரத்தான ஆர்டரும் கடலூர் ஆணையமும்

இணையக் கடையில் விலை தவறாகப் பதிவாகி, பணம் கட்டிய பின் ஆர்டர் ரத்தாகும்போது, கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் பகுதிகளில் பலர் பணம் திரும்பிவிட்டதே என்று விட்டுவிடுகின்றனர். கோபம் மிக்கவர்கள் காவல் நிலையத்திலோ ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலோ மனுக் கொடுத்துவிட்டு, அது எந்த மேசையில் உறங்குகிறது என்றறியாமல் காத்திருக்கின்றனர். இரண்டும் வீண்.

திரையில் கண்ட விலைக்குப் பொருளைத் தந்தே ஆகவேண்டும் என்ற நம்பிக்கை பாதியே உண்மை. விலை காட்டுதல் பொதுவாக வாங்க வருமாறு விடுக்கும் அழைப்புதான். ஆர்டர் போடுவது முன்மொழிவு. அதைக் கடை ஏற்றபின்தான் ஒப்பந்தம் பிறக்கிறது. பொருளை அனுப்பும்போதே ஏற்பு நிகழ்கிறது என்று பல நிறுவனங்கள் எவரும் படிக்காத நிபந்தனைப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்கின்றன. ஆயினும், ஒரு தரப்பின் தவறு என்பதற்காக மட்டும் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. 2014இல் அமேசானில் 23,499 ரூபாய் மடிக்கணினி 190 ரூபாய்க்குக் காட்டப்பட்டு, சட்ட மாணவர் ஒருவரின் ஆர்டர் உறுதிசெய்யப்பட்ட பின் ரத்தான வழக்கில், ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று கொண்ட ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம், இழப்பீடும் செலவுமாக 45,000 ரூபாய் தர 2021இல் உத்தரவிட்டது. மாறாக, சிங்கப்பூரில் 3,854 டாலர் அச்சுப்பொறி 2003இல் 66 டாலருக்குத் தவறாகப் பதிவானபோது, 1,606 பொறிகளுக்கு ஆர்டர் போட்ட அறுவர், தவறென அறிந்தே வாங்கினர் என்ற காரணத்தால் உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் தோற்றனர். அத்தீர்ப்பு இந்திய ஆணையங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் ஒன்றுக்குப் பத்தாக வாங்கி மறுவிற்பனை செய்ய நினைப்பவர், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே அல்லர்.

முதலில் சான்று. விலை தெரியும் பக்கம், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல், பணம் சென்ற வங்கிப் பதிவு, ரத்துச் செய்தி ஆகிய நான்கையும் தேதி, நேரத்துடன் சேமிக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையினர் தொலைபேசியில் ‘நீங்களே ரத்து செய்துவிடுங்கள்’ என்பர். ஒருபோதும் செய்யலாகாது, செய்தால் ரத்து வாங்கியவர் பெயரில் பதிவாகும். பின்னர், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். இவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்கவேண்டும், 48 மணி நேரத்தில் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதியலாம். அங்கே சமரசமே உண்டு, தீர்ப்பு இல்லை.

அதற்கும் அசையாவிட்டால் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருப்பதால் அங்கேதான் வழக்கிட வேண்டும் என்று விவரமறியா அலுவலர் எவரேனும் சொன்னால் நம்பவேண்டா. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரையானால் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, அரசின் இ-ஜாக்ருதி தளம்வழி வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மனுவில் விற்பனைத் தளத்தை மட்டுமன்றி, விற்பனையாளரையும் எதிர்தரப்பினராகச் சேர்க்கவேண்டும், இல்லையேல் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்புவர். பொருளா, விலை வேறுபாடா, இழப்பீடா என்பதைத் தொகையுடன் தனித்தனியே கேட்கவேண்டும். பிரமாணப் பத்திரத்தோடு, ஸ்கிரீன்ஷாட் எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது எனக் கூறும் மின்னணுச் சான்றிதழையும் (2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய சட்டம், 63ஆம் பிரிவு) இணைப்பது நல்லது. வாங்கியவரே ரத்துப் பொத்தானை அழுத்தியிருந்தால், இத்தனை தாள்களும் வலுவிழக்கும்.

பணம் திரும்பத் தருவதாகக் கூகுளில் கிடைத்த போலிச் சேவை எண்ணில் பேசி, ஓடிபியைச் சொல்லி இழந்தவர்களின் விவகாரம் வேறு. அவர்கள் ஆணையத்துக்கு முன்னர், அந்த மணி நேரத்திலேயே, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும்.