அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?

கிறிஸ்தவத் திருமணங்களில் அடிக்கடி வாசிக்கப்படும் வேதப்பகுதி, கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரம். அன்பைப் பற்றிய அந்த வரிகள் மணமக்களுக்கு இனிக்கின்றன. ஆனால், பவுல் அவற்றைத் திருமண வீட்டுக்காக எழுதவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்காக எழுதினார்.

கிரேக்க நாட்டு நகரமான கொரிந்துவில் பவுல் ஒன்றரை ஆண்டு தங்கி ஊழியம் செய்தவர். கி.பி. 55ஆம் ஆண்டு வாக்கில் அவர் எபேசு நகரிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதியபோது, அங்குள்ள சபையார் பல கட்சிகளாகப் பிரிந்திருந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். திருவிருந்துக்குக் கூடும்போதுகூடச் சிலர் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அன்பு என்றால் என்ன என்று பவுல் விளக்கினார்.

அந்த அதிகாரத்தின் 4 முதல் 7 வரையுள்ள வசனங்களில், மூலமொழியான கிரேக்கத்தில் 15 வினைச்சொற்கள் வருகின்றன. அன்பு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதுதான் அங்கே பேச்சு. அவற்றில் ஒன்று கணக்கு எழுதுவதற்கும் வழங்கிய சொல். பிறர் செய்த தீமையை அன்பு பேரேட்டில் பதிந்து வைக்காது என்பது அதன் கருத்து.

நம் குடும்பங்களில் அந்தப் பேரேடு எப்போது திறக்கிறது? பெரும்பாலும் பெற்றோர் முதுமையில் தளரும்போது.

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அம்மா உட்லண்ட்சில் அக்காவோடு இருக்கிறார். தம்பி ஜோகூர் பாருவிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். “பணம் அனுப்பினால் போதுமா? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கழிவறைக்குக் கூட்டிப்போவது யார்?” என்கிறார் அக்கா. “அப்பாவின் சேமிப்பெல்லாம் உங்கள் படிப்புக்குத்தானே போனது?” என்கிறார் தம்பி. இருபது ஆண்டுப் பழைய கணக்கு வாட்ஸ்அப் குழுவில் ஏறுகிறது. இருவருமே ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதவர்கள். அடுத்த அறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கு எல்லாம் காதில் விழுகிறது. தான் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்று அவர் முடிவு செய்துவிடுகிறார்.

சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டிலேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது. தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள இயலாத 60 வயதைத் தாண்டிய பெற்றோர், பிள்ளைகளிடம் உதவித்தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். நல்ல பாதுகாப்புதான். ஆனால், பணத்துக்கு உத்தரவு போடும் சட்டத்தால், அம்மாவின் கட்டிலருகே அரை மணி நேரம் உட்காரச் சொல்ல முடியாது. அந்த அரை மணி நேரம் அன்பிலிருந்துதான் வரவேண்டும்.

இயேசு இதில் கண்டிப்பானவர். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக நேர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கைகழுவியவர்களை அவர் கடிந்துகொண்டதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பக்தியைக் காட்டிப் பெற்றோரைக் கைவிட வழியில்லை. சிலுவையில் தொங்கிய வேளையிலும், தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்துவிட்டே உயிர்விட்டார் என்கிறது யோவான் நற்செய்தி.

அப்படியானால், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அக்கா வாய்மூடி இருக்கவேண்டுமா? வேண்டாம். அன்பு அநியாயத்தில் மகிழாது, உண்மையில் மகிழும் என்பதும் அதே அதிகாரத்தின் கருத்துதான். வீட்டில் அடி, உதை, மிரட்டல் இருந்தால் உதவி தேடுவதே சரி. மன்னிப்பு என்ற பெயரில் அதை மூடிவைக்கக்கூடாது. மருந்துச் செலவு, பணிப்பெண் சம்பளம், யார் எந்த நாள் வருவது என்பதற்கும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை வெளிப்படையாக எழுதிவைத்தால் சண்டை பாதி குறையும். தூக்கி எறியவேண்டியது மனக்குறைகளின் பேரேட்டை மட்டுமே.

எங்கே தொடங்குவது? நன்றியிலிருந்து தொடங்கலாம். “அக்கா, இத்தனை வருஷம் நீங்கள்தான் அம்மாவைப் பார்த்தீர்கள். நான் அதைச் சொன்னதே இல்லை” என்று தம்பி சொல்லட்டும். “நீ அனுப்பும் பணத்தில்தான் மருந்து வாங்குகிறேன்” என்று அக்கா சொல்லட்டும். “ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்ற பொதுவான பேச்சை விட்டு, “வெள்ளிக்கிழமை இரவு நான் வந்துவிடுகிறேன், நீங்கள் நன்றாகத் தூங்குங்கள்” என்று குறிப்பாகச் சொன்னால் அது உதவி. சபையாருக்கும் இதில் பங்குண்டு. அம்மாவுக்காக ஜெபிக்கிறவர்கள், அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போகும் பொறுப்பையும் மாதம் ஒருமுறை ஏற்கலாம்.

காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது இயேசுவின் போதனை. தவறு யாருடையது என்று விசாரித்து முடியும்வரை காத்திருக்க அவர் சொல்லவில்லை. அம்மாக்கள் அதுவரை காத்திருக்கவும் மாட்டார்கள். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் புறப்படும் முன், பல மாதங்களாகப் பேசாத அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.