நீரிழிவும் இருதயமும்

தறியின் எஃகு அச்சில் துரு ஏறினால் பாவு நூல் அறுபடும். கலப்பைக் கொழுவில் துரு ஏறினால் மண் ஒட்டிக்கொள்ளும். இரும்புடன் பிராணவாயு சேர்வதால் விளைவதே துரு. நீரிழிவு நோயாளரின் இரத்தக் குழாய்களிலும் பிராணவாயுவினால் இதனையொத்த கேடு நிகழ்கின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடி மக்களுக்கு நீரிழிவு உண்டு. ஆதலின் இச்செய்தி நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றிற்கும் உரியதாகும்.

கேடு விளையும் விதம்

உடலின் உயிரணுக்கள் சர்க்கரையைப் பிராணவாயுவின் துணைகொண்டு எரித்துச் சக்தி பெறுகின்றன. அப்பொழுது பிராணவாயுவின் ஒரு சிறு பகுதி சூப்பராக்ஸைடு என்னும் கேடு பயக்கும் பொருளாக மாறுகின்றது. இதனை அடக்குவதற்கு உடலிலேயே ஒரு நொதி உண்டு. அதன் தொழிலை 1969-இல் மக்கார்டு, ஃபிரிடோவிச் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை மிகும்பொழுது குழாய்களின் உட்சுவர் அணுக்களுக்குள்ளும் அது மிகுதியாகப் புகுந்துவிடுகின்றது. சூப்பராக்ஸைடு பெருகுகின்றது, நொதியின் காவல் போதாமற் போகின்றது.

குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சுரந்து, குழாயை விரிந்து கொடுக்கச் செய்கின்றது. இதனை விளக்கிய ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர். சூப்பராக்ஸைடு இவ்வாயுவுடன் கலந்து அதனைப் பயனற்றதாக்குகின்றது. குழாய் இறுகுகின்றது, கொழுப்பு கெட்டுச் சுவரில் படிகின்றது. நாளடைவில் மாரடைப்போ பக்கவாதமோ நேரக்கூடும்.

வைட்டமின் மாத்திரை போதுமா?

இக்கேட்டைத் தடுக்க வைட்டமின் மாத்திரை உண்டால் போதாதா எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. 'ஹோப்' என்னும் ஆய்வில், இருதய நோய் அபாயமுடைய 9,500-க்கு மேற்பட்டோரை ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் கவனித்தனர். அவர்களுள் நீரிழிவுடையோர் பலர். வைட்டமின் ஈ உண்டோர்க்கு மாரடைப்புக் குறையவில்லை என்று 2000-இல் முடிவு வெளியாயிற்று. ஈரத்தை விட்டுவைத்துத் துருவை மட்டும் துடைப்பதால் என்ன பயன்?

சர்க்கரையை அடக்குவதே மூல வழி. பிரிட்டனில் நடந்த பேராய்வொன்றில், நோய் கண்ட தொடக்கத்திலேயே சர்க்கரையை நன்கு அடக்கியவர்களுக்கு, ஆய்வு முடிந்து பத்தாண்டுகள் சென்ற பின்னரும் மாரடைப்புக் குறைவாகவே இருந்ததென 2008-இல் அறிவித்தனர். தொடக்கத்தில் செய்யும் சிக்கனம் பின்னாளில் உதவுவது போன்றதே இது.

நாம் செய்யத்தக்கவை

சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் தவறாது சோதித்தல் வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றை அறவே விலக்குக. தறியில் நெடுநேரம் அமர்ந்திருப்போர் நாள்தோறும் நடத்தல் நன்று. வேலையில்லா நாட்களில் பணமுடையால் மருந்தை நிறுத்துவோர் உளர், அது பெருந்தீங்கு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவு மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்னொன்றும் நினைவிற் கொள்க. நீரிழிவினால் நரம்புகள் தளர்ந்தோர்க்கு நெஞ்சுவலி இன்றியே மாரடைப்பு வரக்கூடும். திடீரென மூச்சுத் திணறலோ வியர்வையோ மிகுந்த சோர்வோ கண்டால், வலி இல்லையே என்று வாளாவிராது உடனே மருத்துவமனைக்குச் செல்க.