திண்டுக்கல் சமவெளியில் குறைந்த பராமரிப்பு வீட்டுத்தோட்டம்

குறைந்த பராமரிப்பு வீட்டுத்தோட்டம் என்பது, வீட்டைச் சுற்றியுள்ள காலியிடத்தை அவ்விடத்தின் மழை, மண், வெயில் ஆகியவற்றுக்கு ஏற்பத் திட்டமிட்டு, நீரும் உழைப்பும் குறைவாகத் தேவைப்படும் வகையில் அமைப்பதாகும். வறண்ட நிலத்துக்கான இத்தகைய தோட்டமுறையைக் குறிக்க, அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் நிறுவனம் 1981-இல் 'ஸெரிஸ்கேப்' என்ற சொல்லை உருவாக்கியது.

நிலமும் மழையும்

திண்டுக்கல் நகரம் சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இங்கு முதன்மையானது. மாவட்டத்தின் பெரும்பகுதியில் மண்ணுக்கு அடியில் கடினப்பாறை உள்ளது. பாறை வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்குவதால் கோடையில் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் விரைவில் வற்றுகின்றன. நகரின் குடிநீர் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் போன்ற வெளி ஆதாரங்களிலிருந்து வருகிறது. ஆகவே இங்கு தோட்டத்துக்கு ஊற்றும் நீர் பெரும்பாலும் குடிநீரோடு போட்டியிடும் நீரே ஆகும்.

புல்வெளியும் சிமெண்டுத் தளமும்

கோடையில் புல்வெளியிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. அளவு நீர் ஆவியாவதாகக் கொண்டால், 300 சதுர அடிப் புல்லுக்கு நாள்தோறும் சுமார் 140 லிட்டர், அதாவது ஒன்பது பத்துக் குடம் நீர் வேண்டும். நீர் விடாமல் நின்றால் புல் காய்ந்து, அந்த இடத்தைக் கோரையும் பார்த்தீனியமும் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு அஞ்சிப் பலர் முற்றம் முழுவதும் சிமெண்டு போட்டுவிடுகின்றனர். கூட்டும் வேலை குறைந்தாலும், தளம் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் வெளிவிடுகிறது. மழைநீர் மண்ணில் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. நடைபாதைக்கும் வண்டி நிறுத்தவும் மட்டும் இடைவெளி விட்டுக் கற்பலகை பதித்து, இடைவெளிகளில் சரளை நிரப்பினால் நீர் உள்ளே இறங்கும்.

முதல் வேலை: மழைநீர்

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 1,000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 93 லிட்டர் நீர் விழும். ஆண்டு மழை 800 மி.மீ. என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்றும் கொண்டால் ஏறத்தாழ 60,000 லிட்டர் கிடைக்கும். மாடிக் குழாயின் நீரைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ விட்டு, மிஞ்சுவதை மரக்குழிகளுக்குத் திருப்பலாம். தொட்டியைக் கொசு புகாதபடி மூட வேண்டும்.

இடத்தைப் பிரித்தல்

ஒரே அளவு நீர் கேட்கும் செடிகளை ஒரே பகுதியில் வைப்பதே வேலையைக் குறைக்கும் முக்கிய வழி.

- வீட்டுச் சுவரை ஒட்டிய 3 அடி: செடியின்றி விடவேண்டும். சுவரில் ஈரம் ஏறாது. கரையானும் பாம்பும் தங்கினால் கண்ணில் படும்.
- சமையலறைக் கழிவுநீர் விழும் இடம்: வாழை, கல்வாழை, சேம்பு. அதிக நீர் கேட்கும் செடிகளுக்கு இந்த ஓரிடம் போதும்.
- நடுப்பகுதி: கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி, எலுமிச்சை. வேரூன்றிய பின் வாரம் ஒருமுறை நீர் போதும்.
- வெளி ஓரம்: மாதுளை, சீத்தா, நெல்லி, காகிதப்பூ, சோற்றுக்கற்றாழை. சீத்தா கோடையில் இலையுதிர்த்து வறட்சியைத் தாங்கும்.
- மேற்குப் பக்கம்: இடமிருந்தால் ஒரு வேம்பு அல்லது புங்கம். பிற்பகல் வெயிலைத் தடுக்கும். கட்டடத்திலிருந்து 15 அடியாவது தள்ளி நடுவது நல்லது.

முருங்கை வறட்சியைத் தாங்கினாலும் பராமரிப்பே இல்லாத மரம் அன்று. காற்றில் கிளை எளிதில் முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும். எனவே வாசலுக்கும் மின்கம்பிக்கும் தொலைவில் நட்டு, ஆண்டுதோறும் வெட்டிக் குட்டையாக வைக்க வேண்டும். அரளி நீரின்றி வளரும் என்றாலும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. குழந்தைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீட்டில் தவிர்ப்பது நல்லது.

நடவும் மூடாக்கும்

புரட்டாசி இறுதியில் நட்டால் பருவமழையே முதல் மூன்று மாதங்களுக்கு நீர் ஊற்றிவிடும். மரக்கன்றுக்கு 2 அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரமும் கண்மாய் வண்டலும் கலந்து நிரப்பலாம். வண்டல், செம்மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆடிக் காற்றுக்குச் சாயாமல் குச்சி நட்டுக் கட்ட வேண்டும்.

காய்ந்த இலை, தேங்காய் மட்டை ஆகியவற்றை 3 அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், களை குறையும். கரையான் ஏறாமலிருக்கத் தண்டைச் சுற்றி அரையடி விடவேண்டும். கன்றின் அருகே மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடினால், நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும்.

ஆண்டு வேலைகள்

பங்குனியில் மூடாக்கைப் புதுப்பித்தல், ஆனிக்கு முன் முறியக்கூடிய கிளைகளை வெட்டுதல், புரட்டாசியில் மாடியையும் குழாய்களையும் சுத்தம் செய்தல், மார்கழியில் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குதல் ஆகியவை ஆண்டின் முக்கிய வேலைகள். முதல் இரண்டு கோடைகளில் கன்றுகளுக்குக் கட்டாயம் நீர் விட வேண்டும். அப்போதும் நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, வாரம் இருமுறை வேர் நனைய ஊற்றுவதே நல்லது. வேர் கீழே இறங்கிய செடி மூன்றாம் கோடையைப் பெரும்பாலும் தானே தாங்கிக்கொள்ளும்.