குழாய்க்குள் நிற்கும் காற்று

சித்திரை மாதத்து இரவுகளில் சன்னல்களைத் திறந்துவைத்துக் கடற்காற்றை எதிர்பார்த்து உறங்கும் பாக்கியம் சென்னையில் வேறு பகுதியினருக்கு வாய்க்கலாம். 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் குப்பைக் கிடங்கின் அருகே குடியிருக்கும் கொடுங்கையூர்வாசிகளுக்கோ, அந்தக் குப்பை புகையத் தொடங்கிவிட்டால் சன்னலை அடைத்துக்கொள்வதைத் தவிர வேறு மார்க்கமில்லை. ஆகவே ஏசி இங்கே ஆடம்பரப் பொருள் அன்று. தவணையில் அதை வாங்கி வந்தபின், காப்பர் பைப்புக்கும் ஸ்டாண்டுக்கும் மாட்டும் கூலிக்கும் தனியே பணம் வேண்டும் என்று கேட்கும்போது, நாமே மாட்டிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கையே. துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் ஃபிட்டராகவும் வெல்டராகவும் கைபழகியவர்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், அந்த எண்ணத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சுவரில் தகட்டை மட்டம் பார்த்து அறைவது, துளையை வெளிப்பக்கம் சற்றுத் தாழும்படி போடுவது, தண்ணீர்க் குழாயை நடுவில் மேடு விழாமல் இறக்குவது ஆகிய காரியங்களை அவர்கள் எந்த மெக்கானிக்குக்கும் குறையாமல் செய்வார்கள். சிரமம் அதற்கப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

ஏசி குளிரைப் படைப்பதில்லை. அறைக்குள் இருக்கும் உஷ்ணத்தை வாரி வெளியே கொட்டுகிறது. நாம் டன் என்று சொல்லும் அளவே பனிக்கட்டி வியாபாரத்திலிருந்து வந்தது. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உட்கொள்ளும் உஷ்ணம் எவ்வளவோ, அவ்வளவை அதே நேரத்தில் அகற்றும் சக்திதான் ஒரு டன். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் மதராஸ் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். அன்று கப்பல் செய்த வேலையை இன்று செப்புக் குழாய்க்குள் ஓடும் வாயு செய்கிறது: உள்ளே ஆவியாகி உஷ்ணத்தை ஏற்றுக்கொண்டு, வெளியே கம்ப்ரெசரால் நெருக்குண்டு, திரவமாகி, ஏற்றதை இறக்கிவிட்டுத் திரும்புகிறது.

இந்த வாயுவைத் தவிர வேறெதுவும் அந்தக் குழாயில் இருக்கலாகாது. சாதாரணக் காற்று தங்கினால் அழுத்தம் ஏறி மின்சாரம் வீணாகிறது. காற்றோடு புகுந்த ஈரம் கம்ப்ரெசரின் எண்ணெயோடு கலந்து அமிலமாகி அதை உள்ளிருந்தே அரிக்கிறது. இவ்விரண்டையும் நீக்கவே வேக்கம் பம்ப் வேண்டும். உயரமான கொடைக்கானலில் காற்றழுத்தம் குறைவாதலால் தண்ணீர் 100 பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறதல்லவா? பம்ப் அதைக் காட்டிலும் மிகக் குறைந்த அழுத்தத்தை உண்டாக்குவதால், குழாயில் ஒட்டிய ஈரம் சூடு காட்டாமலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. பம்பை நிறுத்தியபின் அழுத்த மீட்டர் அசையாமல் நிற்கிறதா என்று சற்றுப் பொறுத்துப் பார்த்தால், கசிவு இல்லை என்பதும் உறுதியாகும்.

என் வீட்டுக்கு வந்த மெக்கானிக் இதைச் செய்யவில்லை. மெஷினிலிருந்த கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்விட்டார். அடுத்த கோடைக்குள் குளிர் நின்றது. தொழிலாளியை அழைத்தால் மட்டும் போதாது, அவர் பம்ப் கொண்டுவந்தாரா என்று பார்ப்பது நம் கடமை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அமெரிக்காவில், கேஸ் நிரப்பி மூடிய குழாய்களோடு, வீட்டுக்காரரே பொருத்தும் ஏசிகள் விற்பனையாகின்றன. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ளிட் ஏசிக்கு அந்த வசதி இல்லை. மேலும், இப்போது பெரும்பாலான மெஷின்களில் உள்ள ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பதோ புரொப்பேனேதான்.

கொடுங்கையூருக்கென்றே ஒரு விசேஷச் சங்கடமும் உண்டு. கடலின் உப்பு அலுமினியத் தகடுகளை அரிக்கிறது. அழுகும் குப்பையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்கவைத்து அரிக்கிறது. ஆகையால் வெளியே நிற்கும் பெட்டியான அவுட்டோரைக் கிடங்கை நோக்கிய சுவரில் வைக்காமல் மறுபக்கம் வைப்பதும், மேற்பூச்சுள்ள காயில் கேட்டு வாங்குவதும், மாதமொருமுறை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுவதும் வீட்டுக்காரரின் வேலை. கழுவுமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். மின்விசிறிக்கு இழுத்த மெல்லிய வயரில் ஒன்றரை டன் மெஷினை மாட்டுவது தீ விபத்துக்கு வழி. மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, நல்ல எர்த்து ஆகியவற்றை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் அமைக்கட்டும்.

வாடகை வீடு மாறும்போதுதான் பெரிய அபாயம். கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கும் பம்ப் டவுன் வேளையில், கம்ப்ரெசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயின் நட்டைக் கழற்றினால், உள்ளே இழுக்கப்படும் காற்று எண்ணெய் ஆவியோடு நெருக்குண்டு சூடேறிக் கம்ப்ரெசரே வெடித்துவிடக்கூடும். முதலில் அவுட்டோரிலுள்ள இரு வால்வுகளையும் மூட வேண்டும். பின்பு ஸ்விட்சை அணைத்து, கம்ப்ரெசர் முற்றிலும் நின்றுவிட்டதென்று தெரிந்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.