துதி பாடாத சிற்றரங்கம்

அரசை எதிர்த்துப் பாடுபவரை அரசு அஞ்சுவது இயல்பு. ஆனால், அரசைப் பற்றி எதுவுமே பாடாதவர்களைக் கண்டு அது ஏன் எரிச்சலடைய வேண்டும்? பிராக் நகரின் 'செமஃபோர்' சிற்றரங்கின் வரலாற்றில் இதற்கு விடை இருப்பதாகக் கருதுகிறேன்.

1959 அக்டோபர் 30 அன்று அவ்வரங்கின் முதல் நாடகம் மேடையேறியது. செக் மொழியில் 'செமஃபோர்' என்றால் போக்குவரத்து விளக்கு. 'ஏழு சிறு வடிவங்கள்' எனப் பொருள்படும் மூன்று செக் சொற்களின் தொடக்க அசைகளைக் கோத்தும் அப்பெயர் அமைந்தது. பாடல்களை யிர்ஷி சுஹி எழுதினார். சட்டம் பயின்ற யிர்ஷி ஷ்லிட்ர் இசையமைத்தார்.

உழைப்பையும் கட்சியையும் போற்றும் பாடல்களையே கம்யூனிச அரசு விரும்பிய காலம் அது. இவர்களோ காதலையும் கேலியையும் சொல்விளையாட்டையும் ஜாஸ் தாளத்தில் தந்தார்கள். வாஸ்லாவ் ஹவேல் பின்னாளில் நாடகம் எழுதிய 'நா ஸாப்ராட்லி' அரங்கைப் போல, இங்கே அதிகாரத்தை நேரடியாக விசாரிக்கும் நாடகங்கள் முதன்மை பெறவில்லை. ஆயினும் இளைஞர்கள் திரண்டனர். கரேல் காட், ஹானா ஹெகெரோவா போன்ற புகழ்பெற்ற பாடகர்கள் இம்மேடையில் பாடினர்.

1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் புகுந்தன. மறு ஆண்டு டிசம்பரில் எரிவாயுக் கசிவால் ஷ்லிட்ர் உயிரிழந்தார். 1970-களில் வானொலி, தொலைக்காட்சிக் கதவுகள் சுஹிக்கு அடைக்கப்பட்டன. எனினும் அரங்கில் அவர் தொடர்ந்து நடித்தார். யிட்கா மொலவ்ட்சோவா அவருடைய மேடைத் துணையானார்.

எல்லாக் குரல்களும் தன்னையே போற்ற வேண்டுமென விரும்பும் அரசுக்கு, துதி பாடாமல் மகிழ்ந்திருப்பதே மறுப்பாகத் தோன்றுகிறது. நான் கூறும் விடை இதுதான். முழக்கத்தைத் தடை செய்யலாம். சிரிப்பை எந்தச் சட்டப் பிரிவின்கீழ் தடுப்பது?

கம்யூனிச ஆட்சி 1989-இல் வீழ்ந்தது. 2002 பெருவெள்ளம் கார்லீன் பகுதியிலிருந்த அரங்கைச் சிதைத்தது. 2005 முதல் தெய்விட்சே பகுதியில் அது இயங்கியது. 1931-இல் பிறந்த சுஹி, தொண்ணூறு வயதைக் கடந்தும் அதன் மேடையேறினார். அவரை வானொலியிலிருந்து விலக்கிய ஆட்சியோ வரலாற்று நூல்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.