உருட்டடி

இலஞ்சி போன்ற ஊர்களின் மண்தெருக்களில் கோலி விளையாடும் சிறுவர், குழிக்கும் குண்டுக்கும் இடையிலுள்ள சரிவையே முதலில் நோக்குவர். எத்துணை விசை வேண்டும் என்பதைப் பழகிய விரல் அறியும். கோல்ஃப் ஆட்டத்தின் இறுதிக் கட்டமும் இத்தகையதே. ஒட்ட வெட்டப்பட்ட புற்றரையில் பந்தை மட்டையால் உருட்டிக் குழியில் வீழ்த்துவதைப் 'பட்டிங்' என்பர். தமிழில் உருட்டடி எனலாம்.

பதினெட்டுக் குழிகளுக்கு 72 அடிகள் என வகுத்த களத்தில், குழிக்கு இரண்டாக 36 அடிகள் உருட்டடிக்கே உரியவை. பயில்வோர் பலரோ தொலைதூரம் அடிப்பதிலேயே பொழுதைக் கழிக்கின்றனர்!

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்து புறப்படும் திசை ஒரு பாகை பிறழ்ந்தால், ஒரு மீட்டர் தொலைவில் அது 17 மில்லிமீட்டரே விலகும், குழிக்குள் விழுந்துவிடும். ஆறு மீட்டரிலோ விலகல் 100 மில்லிமீட்டரைக் கடக்கும். பந்து குழியைத் தொடவும் செய்யாது. திசை சரியாயினும் விசை மிகுந்தால் பந்து விளிம்பில் பட்டுத் துள்ளி வெளியேறும். ஆகவே, ஒரு மீட்டர் தொலைவில் குழியைச் சுற்றிப் பல திசைகளிலிருந்தும் உருட்டித் திசையைப் பழகுதல் வேண்டும். நெடுந்தொலைவிலிருந்து உருட்டும்போது, பந்து குழியருகே ஓய்ந்து நிற்குமாறு விசையைப் பழகுதல் வேண்டும்.

பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக் தொலைதூரம் அடிப்பவர் அல்லர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் உருட்டடித் திறத்தாலேயே அவர் நான்கு நாளும் முன்னணியில் நின்றார். இறுதிக் குழியில் அவர் உருட்டிய பந்து குழியை ஒட்டி விலகிச் சென்றது. ஓர் அடி வேறுபாட்டில் நான்காமிடமே கிட்டியது.