கவலை மீன் யாருக்கு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது உப்பளம். பாத்தி பாத்தியாக வானத்தைப் பிடித்து வைத்த தண்ணீர், கரையோரம் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். அதே கடலோரத்தில், கூனிமேடு, அனுமந்தைப் பக்கமெல்லாம் மதில் சுவருக்குள் இன்னொரு தொழில் நடக்கிறது. இறால் குஞ்சு பொரிப்பகம். ஹேட்சரி என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள்.

அந்த ஹேட்சரிக்குள் நடப்பதை நம் வீட்டுச் சமையலறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முட்டையிலிருந்து வந்த வன்னாமி இறால் குஞ்சு தீனி எடுக்கத் தொடங்கியதும் அதற்குத் தரப்படுவது சீட்டோசெரோஸ் என்னும் நுண்பாசி. அடுத்த கட்டத்தில் ஆர்ட்டீமியா. கடலைவிடப் பலமடங்கு உப்பு ஏறிய நீரிலும் பிழைத்திருக்கும் மிகச் சிறிய உயிர் அது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்து அதன் முட்டைகள் டப்பாவில் அடைத்து உலகெங்கும் போகின்றன. ஆனால் புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியாவில் ஒரு குறை. டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் அதில் அநேகமாக இல்லை. அதனால் மீன் எண்ணெயோ பாசியோ கலந்த நீரில் அதைச் சில மணி நேரம் விட்டு, அந்த அமிலத்தை அதன் உடம்பில் ஏற்றி, பிறகு குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் முறை இந்தத் தொழிலில் உண்டு. சரியான கொழுப்பு கிடைக்காத குஞ்சு தேறாது என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

மனிதக் குஞ்சுக்கும் அதே அமிலம்தான் வேண்டும்.

கொழுப்பு என்றால் வெறும் எரிபொருள், மாவுச்சத்தை வைத்தே உடம்பு அதைச் செய்துகொள்ளும் என்றுதான் நூறாண்டுக்கு முன்வரை விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரட் பர் என்ற தம்பதி எலிகளுக்குக் கொழுப்பு துளியும் இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி நின்றது, தோல் செதில் செதிலானது, வால் புண்ணானது, சிறுநீரகம் கெட்டது, கடைசியில் எலிகள் செத்தன. லினோலெயிக் அமிலத்தைச் சில சொட்டுக் கொடுத்ததும் தேறின. 1929இலும் 1930இலும் வெளியான அந்த ஆய்வுகளிலிருந்துதான் ‘அத்தியாவசியக் கொழுப்பு அமிலம்’ என்ற பெயரே வந்தது.

காரணம் எளிமையானது. கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. அதில் இரட்டைப் பிணைப்பு விழும் இடத்தில் சங்கிலி மடங்கும். நம் உடம்பின் நொதிகளால் 9ஆவது கார்பனுக்கு அப்பால் இரட்டைப் பிணைப்பைப் புதிதாகப் போட முடியாது. தாவரத்தால் முடியும். 9ஆவது கார்பனுக்கு அப்பால் மடங்கிய சங்கிலிகள் நமக்கு வெளியிலிருந்தே வர வேண்டும். அவை இரண்டு குடும்பம்: லினோலெயிக் அமிலத்தைத் தலைமையாகக் கொண்ட ஒமேகா-6, ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தைத் தலைமையாகக் கொண்ட ஒமேகா-3. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளவும் நம் உடம்புக்குத் தெரியாது.

இரண்டாவது குடும்பத்தின் அருமை தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. துப்பாக்கிக் குண்டு பாய்ந்து குடலின் பெரும்பகுதியை இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, இரத்தக் குழாய் வழியே செலுத்தப்பட்ட உணவில் உயிர் வாழ்ந்தாள். அதில் இருந்தது குசும்பப்பூ எண்ணெய்; ஒமேகா-6 ஏராளம், ஒமேகா-3 சொற்பம். சில மாதங்களில் கால் மரத்தது, நடக்க முடியவில்லை, பார்வை மங்கியது. சோயா எண்ணெய்க்கு மாற்றியதும் அந்தக் குறைகள் நீங்கின. ரால்ஃப் ஹோல்மனும் அவருடைய குழுவினரும் 1982இல் இதை எழுதினார்கள்.

இன்றைய தமிழ்நாட்டுத் தட்டுக்கு வருவோம். சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம், ஒமேகா-3 பேருக்குத்தான். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஒமேகா-3 விஷயத்தில் அதே கதை. ரேஷன் பாமாயிலில் இரண்டுமே குறைவு. ஒமேகா-6க்கு நமக்குப் பஞ்சமில்லை, இல்லாதது மற்றது. உளுந்தில் கொழுப்பு சிறிதுதான் என்றாலும் அதில் பெரும்பங்கு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், ஆகவே இட்லி தோசையில் கொஞ்சம் கிடைக்கிறது. வெந்தயத்திலும் கீரையிலும் கொஞ்சம். ஆளிவிதையில் நிறைய. சைவ உணவுக்காரர்கள் இவற்றைத் தவறாமல் சேர்க்க வேண்டும். ஆனால் மூளையும் விழித்திரையும் கேட்பது 22 கார்பன், 6 இரட்டைப் பிணைப்பு கொண்ட, இதே ஒமேகா-3 குடும்பத்து டிஎச்ஏ. தாவர ஒமேகா-3யிலிருந்து நம் உடம்பு செய்துகொள்ளும் டிஎச்ஏ மிகச் சொற்பம். நேரடியாகத் தருவது கடல்.

மீன் அதைச் செய்வதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செய்வது கடலின் நுண்பாசி. அதைச் சலித்துத் தின்னும் மீன் கொழுப்பாகச் சேமிக்கிறது. எனவே விலை உயர்ந்த வஞ்சிரத்தை நாட வேண்டியதில்லை. பாசிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மீனே போதும். இந்தக் கரையில் அதன் பெயர் கவலை; தெற்கே சாளை; கேரளத்தில் கொண்டாடப்படும் மத்தியும் அதே இனம். கொழுப்பு ஏறிய பருவத்தில் 100 கிராம் மத்திச் சதையில் டிஎச்ஏவும், இபிஏ என்னும் இன்னொரு கடல் ஒமேகா-3யும் சேர்ந்து ஒரு கிராமுக்குக் குறையாது. நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் என்பது உலக உணவு வேளாண்மை அமைப்பின் நிபுணர் குழு பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. வாரத்துக்கு இரண்டு நாள் குழம்பு வைத்தால் கணக்கு நேராகிவிடும். சின்ன மீன், ஆயுள் குறைவு, ஆகவே பாதரசம் சேர்வதும் குறைவு. குழம்பாக வைத்தால் உருகும் எண்ணெய் குழம்பிலேயே தங்கும். முழுக எண்ணெய் விட்டுப் பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டிக்குப் போகும், சட்டியின் எண்ணெய் மீனுக்குள் வரும்.

கருவாடு? மரக்காணத்தை விட்டுவிட்டு அதைப் பேச முடியாது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கே பாணர்க்குக் கிடைக்கும் விருந்தில் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவதும் உண்டு. உப்பும் வெயிலும் மீனும் ஒரே இடத்தில் கிடைத்தால் கருவாடு பிறக்காமல் என்ன செய்யும்? ஆனால் இரட்டைப் பிணைப்பு கூடக் கூடக் காற்றின் ஆக்சிஜன் எளிதில் பற்றும். கொழுத்த மீனைத் திறந்த வெயிலில் போட்டால் மஞ்சள் பாரித்துச் சிக்கு வாடை அடிப்பது அதனால்தான். உப்பும், அதிலுள்ள இரும்பு, செம்பின் துணுக்குகளும் அந்த வேகத்தைக் கூட்டும். கொழுப்புக் குறைந்த நெத்திலி காய்ந்தும் கெடாமல் நிற்பதன் ரகசியமும் இதுவே. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாடு புரதம் தரும், ருசி தரும். ஒமேகா-3க்கு அதை நம்ப வேண்டாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அதன் உப்பும் ஆகாது.

இந்த ஆக்சிஜன் தொல்லையால்தான் அயோடினுக்குச் செய்ததை இங்கே செய்ய முடியவில்லை. அயோடினை உப்பில் கலந்து வீடு வீடாகச் சேர்த்துவிட்டோம். டிஎச்ஏவை உப்பு மூட்டையில் கலந்து வைத்தால் கெட்டுவிடும்.

மாத்திரையாக விழுங்கலாமே என்பீர்கள். ஏறத்தாழ 26,000 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில், மீன் எண்ணெய் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய இதய நோய்களின் மொத்த எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. ஆரோக்கியமானவர் மருந்துக் கடையில் பணத்தைக் கொட்டுவது வீண் என்பதே என் எண்ணம். கர்ப்பிணி விஷயம் வேறு. சிசுவின் மூளை டிஎச்ஏவை வேகமாகச் சேர்ப்பது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். 70 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கையின்படி, ஒமேகா-3 கூடுதலாகப் பெற்ற தாய்மாரிடம் 34 வாரத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகளின் விகிதம் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையை இன்குபேட்டரில் பார்த்த எந்தத் தாய்க்கும் இந்த எண்ணின் கனம் தெரியும்.

இந்தியக் கரையில் விழும் சின்ன மீன்களில் ஒரு பங்கு சமையலறைக்கு வருவதில்லை. மீன்தூள் ஆலைக்குப் போய், அரைபட்டு, இறால் தீனியாகிறது. அந்த இறால் கப்பலேறுகிறது. பாசி செய்த கொழுப்பை மீன் சுமந்து கரைக்குக் கொண்டுவருகிறது, நாம் அதை ஊரைத் தாண்டி அனுப்பிவிடுகிறோம். இறால் குஞ்சுக்கு டிஎச்ஏ உண்டா என்று பார்க்கும் கரையில் கர்ப்பிணித் தட்டுக்கும் அதே கேள்வி எழ வேண்டும். உண்ணத் தகுந்த மீனை அரைக்க விடுவது தவறு.

கவலையை ஏழை மீன், முள் மீன் என்று ஒதுக்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவர் மீன் சாப்பிடுபவராக இருந்தால், இந்த வாரம் கூடைக்காரம்மாவிடம் கால் கிலோ கேட்டு வாங்குங்கள். புளி கரைத்துக் குழம்பு வையுங்கள்.